படிகத்துக்குள் சுழலும் மூலக்கூறு: நியூட்ரான் சிதறலில் முதல் சோதனை செய்பவர்களுக்கு

சூடத்தை உரலில் இட்டு மாவாக இடிக்கப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உப்பைப் போலப் பொடியாகாது. அமுங்கும், ஒட்டிக்கொள்ளும். மருந்து தயாரிப்பவர்கள் சில சொட்டு ஆல்கஹால் விட்டுத்தான் அதைப் பொடியாக்குவார்கள். படிகம் என்றால் விறைப்பாக இருக்கும் என்று படித்திருக்கிறோம். சூடமும் படிகம்தான். ஆனால் அதன் மூலக்கூறுகள் தத்தம் இடத்தில் வரிசை தவறாமல் இருந்தபடியே, முகத்தை மட்டும் ஓயாமல் திருப்பிக்கொண்டிருக்கின்றன. இடத்தில் ஒழுங்கு உண்டு, திசையில் இல்லை.

இப்படிப்பட்டவற்றுக்கு பிளாஸ்டிக் படிகங்கள் என்று பெயர். பெல்ஜியத்தைச் சேர்ந்த டிம்மர்மான்ஸ் 1930-களில் இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். உருகும்போது இவற்றின் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, மிகக் குறைவாகவே கூடும், ஒரு மோலுக்கு ஒரு கெல்வினுக்கு 20 ஜூலுக்கும் கீழே. உருகுவதற்கு முன்பே சுழற்சி தொடங்கிவிடுவதால், உருகும்போது புதிதாகக் குலைவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. 2019-இல் நியோபென்டைல் கிளைக்கால் என்ற பிளாஸ்டிக் படிகம் அழுத்தத்தால் பெருமளவு குளிர்விக்கக் கூடியது என்று தெரியவந்ததிலிருந்து இந்தத் துறைக்குப் புதிதாக நிறைய மாணவர்கள் வருகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சோதனை இதுதான்: மாதிரியின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி, சிதறி வருபவற்றின் ஆற்றல் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்து, மூலக்கூறின் சுழற்சியைக் கண்டறிவது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் சோதனையில் பலரும் தவறுவது இங்கேதான். சிதறிய நியூட்ரான்களின் நிறமாலை கையில் கிடைத்ததும் எல்லோருடைய கண்ணும் அதன் விரிந்த பகுதியின் அகலத்தின் மேல் போகிறது. அகலம் சொல்வது வேகத்தை மட்டும். மூலக்கூறு எப்படிச் சுழல்கிறது, எந்த வடிவப் பாதையில், எத்தனை நிலைகளுக்கு இடையில் என்பதெல்லாம் நடுவில் நிற்கும் கூர்மையான கோட்டின் உயரத்தில் இருக்கிறது. உங்கள் கவனத்தில் பாதிக்கு மேல் அந்தக் கோட்டுக்குப் போக வேண்டும்.

ஏன் நியூட்ரான்?

எக்ஸ் கதிர் விளிம்பு விலகலில் மூலக்கூறு சராசரியாக எங்கே இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று தெரியாது. குளிர்ந்த நியூட்ரானின் அலைநீளம் 5, 6 ஆங்ஸ்ட்ராம், அதாவது மூலக்கூறின் அளவு. அதே நியூட்ரானின் ஆற்றல் 2, 3 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்தான். மூலக்கூறின் சுழற்சி இந்த ஆற்றலில் ஏற்படுத்தும் சிறு கூடுதலையும் குறைவையும் அளந்துவிட முடியும். ஆக, தூரத்தையும் நேரத்தையும் ஒரே சோதனையில் பார்க்கலாம்.

கூடவே இன்னொரு வசதி. ஹைட்ரஜன் அணுவின் தனித்த சிதறல் பரப்பு, அதாவது அடுத்த அணுவோடு குறுக்கிடாமல் ஒவ்வோர் அணுவும் தானாகச் சிதறுவது, ஏறக்குறைய 80 பார்ன் (பார்ன் என்பது இந்தப் பரப்பை அளக்கும் அலகு). கார்பனுக்கு அது அநேகமாகப் பூஜ்யம். டியூட்டீரியத்துக்கு 2 பார்ன். எனவே ஹைட்ரஜன் நிறைந்த ஒரு சேர்மத்தில் நீங்கள் பார்ப்பது, ஒவ்வொரு ஹைட்ரஜனும் சற்று முன்பு தான் இருந்த இடத்தோடு ஒப்பிட்டால் இப்போது எங்கே இருக்கிறது என்பதை.

அந்த ஹைட்ரஜன் மூலக்கூறோடு சுழல்கிறது, ஆனால் மூலக்கூறை விட்டுப் போவதில்லை. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதே சிறு கோளத்தின் மேல்தான் இருக்கும். போகாமல் தங்கும் இந்தப் பங்கு ஆற்றல் மாறாத கூரிய கோடாக, மீள்கோடாக நிற்கும். நகரும் பங்கு அதன் அடியில் அகன்ற பாவாடைபோல விரியும். இந்த விரிந்த பகுதியைத்தான் குவாசி எலாஸ்டிக் சிதறல் என்கிறார்கள்.

மாதிரி: அடமன்டேனில் தொடங்குங்கள்

சூடத்தில் தொடங்கலாமே என்று தோன்றும். அதன் மூலக்கூறு கோணல் வடிவம். மூன்று மெத்தில் தொகுதிகளும் தனியாகச் சுழலும். முதல் பாடத்துக்கு அது வேண்டாம். அடமன்டேனை எடுங்கள். 10 கார்பனும் 16 ஹைட்ரஜனும் வைரத்தின் ஒரு துண்டைப் போலக் கோத்த கூண்டு. உள்ளே தனியாக ஆடும் உறுப்பு எதுவும் இல்லாததால், அசைந்தால் மொத்தமாகத்தான் அசையும். கடையில் தூளாகக் கிடைக்கும், நச்சும் குறைவு. வாசனைகூட ஏறத்தாழச் சூடத்தின் வாசனைதான்.

208.6 கெல்வினுக்கு மேலே இது கனசதுரப் படிகம். படிகக் கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின், விளிம்பு 9.45 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வோர் இடத்திலும் மூலக்கூறுக்கு 90 பாகை விலகிய இரண்டு நிலைகள் உண்டு, இரண்டும் சம வாய்ப்பு. அந்த வெப்பநிலைக்குக் கீழே நாற்கோணப் படிகமாகி ஒழுங்குக்கு வந்துவிடும். உருகுவதோ 543 கெல்வினில். ஆக, சுழன்றுகொண்டே திடமாக இருக்கும் எல்லை 300 கெல்வினுக்கும் மேல் அகலமானது. படிப்பதற்கு இதைவிடத் தாராளமான மாதிரி அரிது.

நேரத்தைக் கணக்கிட்டு, கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 658. விரிந்த பகுதியின் பாதியகலத்தை (பாதி உயரத்தில் உள்ள அகலத்தில் பாதி) மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட்டிலும், நேரத்தைப் பிகோ நொடியிலும் எழுதினால் இரண்டின் பெருக்கல் 658. அடமன்டேன் மூலக்கூறு அறை வெப்பநிலையில் ஒரு நிலையில் தங்கும் நேரம் 10, 20 பிகோ நொடி என்ற அளவில் இருக்கும். 15 என்று வைத்தால் பாதியகலம் 44, முழு அகலம் 88 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட். கருவிகளின் பிரிதிறனை, அதாவது கருவியே ஒரு கூரிய கோட்டுக்குக் கொடுக்கும் அகலத்தை, பெரும்பாலும் முழு அகலமாகத்தான் சொல்வார்கள். பாதியையும் முழுமையையும் குழப்பிக்கொண்டால் எல்லா நேரமும் இரண்டு மடங்கு பிசகிவிடும். குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எது எது என்று எழுதி வையுங்கள்.

இங்கிலாந்தில் ஐசிஸ் ஆய்வுக்கூடத்தின் ஐரிஸ் கருவிக்குப் பிரிதிறன் 17.5 மைக்ரோ எலெக்ட்ரான் வோல்ட். நம் 88-க்கு இது கச்சிதம். பிரான்சில் கிரனோபிளில் உள்ள ஐஎல்எல் ஆய்வுக்கூடத்தின் ஐஎன்5 கருவியையும் அலைநீளத்தை மாற்றி இந்த எல்லைக்குக் கொண்டுவரலாம். அதே இடத்தில் உள்ள ஐஎன்16பி-யின் பிரிதிறன் 0.75. எண் சிறியது, ஆகவே இதுதான் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அது பார்க்கும் ஆற்றல் சாளரம் இருபுறமும் 31 மட்டுமே. அறை வெப்பநிலையில் நம்முடைய அகன்ற பகுதி அந்தச் சாளரத்தைத் தாண்டி விரிந்து, வெறும் தட்டையான பின்னணிபோலத் தோன்றும். மெதுவான அசைவுக்குத்தான் அந்தக் கருவி.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு டிராம்பேயில் துருவா ரியாக்டர் இருக்கிறது. 1985-இல் இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் உலை. அங்கே இதற்கென்றே ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் உண்டு. பல்கலைக்கழகத்தினர் யுஜிசி-டிஏஈ கூட்டமைப்பின் மும்பை மையம் வழியாக அணுகலாம். அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிரிதிறன் 200 என்ற அளவு. அறை வெப்பநிலை அடமன்டேனுக்கு அது போதாது. 400 கெல்வினுக்கு மேல் கோடு நன்றாக அகன்றபின் வேலை நடக்கும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் இங்கே ஒருமுறை கைபழகுவது நல்லது என்பது என் எண்ணம்.

விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய ஆய்வுக்கூடங்கள் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை விண்ணப்பம் கேட்கும். எழுதும் முன் கருவிக்குப் பொறுப்பான விஞ்ஞானிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தயங்க வேண்டாம், அவர்கள் பதில் எழுதுவார்கள். மேலே போட்ட 658 கணக்கையும், கீழே வரும் தடிமன் கணக்கையும் விண்ணப்பத்தில் காட்டினாலே பாதி நம்பிக்கை வந்துவிடும்.

மாதிரியின் தடிமன்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பின்னால் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாத பிழை இங்கேதான் உள்ளே வருகிறது.

ஒரு நியூட்ரான் மாதிரிக்குள் ஒருமுறைதான் சிதற வேண்டும். இரண்டு முறை சிதறினால், எந்தக் கோணத்தில் எவ்வளவு ஆற்றல் மாறியது என்ற கணக்கே குழம்பிவிடும். பொதுவான வழக்கம்: வரும் நியூட்ரான்களில் 10 சதவீதம் மட்டும் சிதறும்படி வைப்பது.

கணக்கு எளியது. ஒரு மூலக்கூறில் 16 ஹைட்ரஜன், ஒவ்வொன்றுக்கும் மொத்தச் சிதறல் பரப்பு 82 பார்ன். 10 கார்பன், ஒவ்வொன்றுக்கும் 5.55. கூட்டினால் ஏறக்குறைய 1,370 பார்ன். படிகக் கூடு ஒன்றில் 4 மூலக்கூறுகள். கூட்டின் கன அளவு 844 கன ஆங்ஸ்ட்ராம். வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 6.5. இதன்படி 10 சதவீதச் சிதறலுக்கு வேண்டிய தடிமன் 0.16 மில்லிமீட்டர். ஆமாம், இரண்டு தாள் கனம்.

தூளை அப்படி அழுத்திப் பரப்புவது கடினம், அதனால் தடிமனை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 17, 18 மில்லிகிராம். கற்றை படும் பரப்பு 2-க்கு 4 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 140 மில்லிகிராம் போதும். உருளைக்குள் உருளை வைத்த வளையக் கலத்தில் நியூட்ரான் இரண்டு சுவரைக் கடக்கும், அப்போது ஒவ்வொரு சுவரிலும் பாதி. என் முதல் சோதனையில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. அதிகம் போட்டால் அதிகம் தெரியும் என்று நம்பி 1 மில்லிமீட்டர் கலத்தை நிரப்பினேன். அந்தத் தடிமனில் வரும் நியூட்ரான்களில் பாதி சிதறிவிடும். எண்ணிக்கை அழகாக ஏறியது. மூன்று நாள் தரவில் கடைசியில் நம்பத் தகுந்ததாக மிஞ்சியது வெப்பநிலைகளின் பட்டியல் மட்டும்.

கலம் அலுமினியத்தில் இருக்கட்டும். அடமன்டேன் சூடத்தைப் போலவே திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும். மூடிக்கு இண்டியம் கம்பி வைத்து இறுக்குங்கள், மாதிரியைக் குளிர வைக்கும் கிரையோஸ்டாட்டின் வெற்றிடத்தில் கசிந்தால் மாதிரியும் போகும், அடுத்தவருக்கும் தொல்லை. ஆனால் இண்டியம் 430 கெல்வினில் உருகும். அதற்கு மேல் போகப்போகிறீர்கள் என்றால் வேறு உலோக வளையம் கேளுங்கள். இண்டியம் நியூட்ரானை நன்றாக உறிஞ்சிக் கதிரியக்கமும் பெறும். எனவே கலத்தின் ஓரங்களைக் காட்மியம் தகட்டால் மறைப்பார்கள். நிரப்பும் முன்னும் பின்னும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் மீண்டும் ஒரு முறை போடுங்கள், கசிவு இருந்தால் அப்போது தெரியும். அதற்கு முன் கதிரியக்கப் பரிசோதகர் கையெழுத்திட்டால் ஒழியக் கலத்தைத் தொடக்கூடாது.

கற்றை முன்னால்

முதலில் 10 கெல்வினுக்குக் குளிர வையுங்கள். அங்கே சுழற்சி உறைந்துவிடும். நீங்கள் அளப்பது கருவியின் பிரிதிறன் மட்டுமே. வனேடியம் தகட்டை வைத்தும் பிரிதிறனை அளக்கலாம். ஆனால் அதே கலம், அதே மாதிரி, அதே வடிவம் என்பதால் குளிர்ந்த மாதிரியே மேல். இந்த அளவீட்டுக்கு நேரத்தைக் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். பின்னால் தரவோடு வளைவுகளைப் பொருத்தும் எல்லாக் கணக்குகளும் இதன் மேல்தான் உட்காரப் போகின்றன.

அப்புறம் மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே மீள்கோட்டின் உயரத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெப்ப அதிர்வால் அது சரிந்துகொண்டே வரும். 208.6 கெல்வினில் சட்டென்று ஒரு படி இறங்கும். அந்தப் படி வேறு இடத்தில் விழுந்தால் உங்கள் வெப்பமானிக்கும் மாதிரிக்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். இப்போதே சரிசெய்யுங்கள். இது சோதனையோடு இலவசமாகக் கிடைக்கும் அளவுகோல்.

பிறகு 220, 250, 295, 340, 380 கெல்வின் என்று நிறுத்தி நிறுத்தி முழு நிறமாலை எடுங்கள். கடைசியில் வெற்றுக் கலம். அதை விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்ப நேரம் கிடைக்க ஒரு வருடம் ஆகும்.

தரவைச் சுருக்குவதற்கு மான்டிட் என்ற இலவச மென்பொருள் பரவலாகப் பயன்படுகிறது. வெற்றுக் கலத்தைக் கழிப்பது, டிடெக்டர்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, கோணத்தை கியூவாக மாற்றுவது எல்லாம் அதில் உண்டு. கியூ என்பது நியூட்ரானின் உந்த மாற்றம். அலகு ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ். கியூ சிறியது என்றால் பெரிய தூரத்தையும், பெரியது என்றால் சிறிய தூரத்தையும் பார்க்கிறீர்கள்.

மீள்கோட்டைப் படிப்பது

ஒவ்வொரு கியூவிலும் நிறமாலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: மீள்கோடு, ஒரு லொரென்ட்ஸியன் (அகன்ற பகுதியைக் குறிக்கும் மணி போன்ற வளைவு), தட்டையான பின்னணி. மூன்றையும் பிரிதிறனோடு கலந்துதான் பொருத்த வேண்டும். துல்லியமான 90 பாகைத் தாவல் மாதிரியில் பல லொரென்ட்ஸியன்கள் வரும், ஆனால் தொடக்கத்தில் ஒன்று போதும். இரண்டாவதைச் சேர்த்தால் பொருத்தம் எப்போதுமே அழகாகும். அதனால் அது உண்மையாகிவிடாது.

மீள்கோட்டின் பரப்பை, மீள்கோடும் லொரென்ட்ஸியனும் சேர்ந்த பரப்பால் வகுங்கள். வரும் பின்னத்துக்கு இ.ஐ.எஸ்.எஃப். (elastic incoherent structure factor) என்று பெயர். நான் முதலில் சொன்ன உயரம் இதுதான்.

அடமன்டேனின் 16 ஹைட்ரஜன்களும் மூலக்கூறின் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில், 2.6 ஆங்ஸ்ட்ராமில் இருக்கின்றன. மூலக்கூறு எல்லாத் திசையிலும் தாராளமாகச் சுழல்கிறது என்று கொண்டால், கியூவையும் 2.6-ஐயும் பெருக்கி, அந்தப் பெருக்கலின் சைனை அதே பெருக்கலால் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கினால் இ.ஐ.எஸ்.எஃப். கிடைக்கும். கியூ 0.3-இல் 0.81, 0.6-இல் 0.41, 1.2-இல் பூஜ்யம், 1.8-இல் மறுபடி 0.05. இந்த வளைவைத் தாளில் வரைந்து, உங்கள் புள்ளிகளை அதன் மேல் வையுங்கள்.

இப்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

இடது ஓரத்தில், கியூ பூஜ்யத்தை நெருங்கும்போது புள்ளிகள் 1-க்குப் போகின்றனவா? 0.85-இலோ 0.9-இலோ நின்றுவிட்டால் இரட்டைச் சிதறல் புகுந்திருக்கிறது, மாதிரி தடிமன். புதிய இயற்பியலைக் கண்டுவிட்டோம் என்று மகிழும் முன் எடைக் குறிப்பைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது நடுவில், 1.15-லும் 1.33-லும். படிகத்தின் முதல் இரண்டு பிராக் உச்சிகள், அதாவது படிகத்தின் அடுக்குகள் சேர்ந்து வலுவாகச் சிதறும் இடங்கள், அங்கேதான் விழுகின்றன. இ.ஐ.எஸ்.எஃப். பூஜ்யத்தைத் தொட வேண்டிய அதே பகுதி! ஹைட்ரஜன் மிகுந்திருந்தாலும் கார்பன் கூண்டின் பிராக் சிதறல் போதுமான அளவு உண்டு, மீள்கோட்டை அது ஊதிப் பெரிதாக்கிவிடும். அதைப் பார்த்து, சுழலாத மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கின்றன என்று முடிவுக்கு வருவது எளிது. அந்த டிடெக்டர்களை ஒதுக்கிவிடுங்கள். புள்ளிகள் குறைந்தாலும் பரவாயில்லை.

மூன்றாவது வலது ஓரம். மூலக்கூறு தாராளமாகச் சுழல்கிறதா, 90 பாகை 90 பாகையாகத் தாவுகிறதா? கியூ 1.5 வரை இரண்டு வளைவுகளும் ஒட்டியே ஓடும். பிரிவது அதற்கு அப்பால்தான். நான்கு மூலைக் கார்பன்களில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். தாவினால் அது ஒரு கனசதுரத்தின் 8 முனைகளில் மட்டும் இருக்கும். கியூ 2-இல் அதன் இ.ஐ.எஸ்.எஃப். 0.13, தாராளச் சுழற்சி என்றால் 0.03. மீதி 12 ஹைட்ரஜன்களுக்கு 24 இடங்கள் இருப்பதால் வித்தியாசம் இன்னும் குறைவு. ஆகவே கியூ 2-ஐ நெருங்காத தரவை வைத்து, இது தாவல்தான் என்று எழுதாதீர்கள். ஐரிஸ் 1.85 வரை போகும். அந்தக் கடைசி நாலைந்து டிடெக்டர்களின் புள்ளிவிவரத்துக்காகவே கூடுதல் மணிநேரம் கேட்கலாம்.

அகலம், இப்போதுதான்

லொரென்ட்ஸியன் அகலத்தைக் கியூவுக்கு எதிரே வரையுங்கள். ஏறத்தாழக் கிடைமட்டமாக இருந்தால் அது சுழற்சி. கியூவின் வர்க்கத்தோடு ஏறிக்கொண்டே போனால் மூலக்கூறுகள் இடம்விட்டு இடம் பரவுகின்றன. இந்த வெப்பநிலைகளில் அடமன்டேனில் அது நியூட்ரான் காணும் அளவுக்கு நடக்காது. ஏறினால் பொருத்தத்தில் ஏதோ தவறு, பெரும்பாலும் பின்னணி.

கிடைமட்டம் என்று உறுதியானதும் எல்லாக் கியூவுக்கும் ஒரே அகலத்தைக் கொடுத்து மொத்தமாகப் பொருத்துங்கள். அப்புறம் அகலத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரும். சாய்விலிருந்து கிடைக்கும் தடை, அதாவது திரும்புவதற்கு மூலக்கூறு தாண்ட வேண்டிய ஆற்றல், ஒரு மோலுக்கு 12, 13 கிலோஜூல் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்தத் தடையோடு கணக்குப் போட்டால் 295-இலிருந்து 220 கெல்வினுக்கு இறங்கும்போது அகலம் ஆறில் ஒரு பங்காகும், பாதியகலம் 44 என்பது 7 ஆகிவிடும். 17.5 பிரிதிறனில் அது எல்லைக்கோடு. அந்தப் புள்ளிக்குப் பிழைக்கோட்டைப் பெரிதாகவே போடுங்கள், நேர்கோட்டுக்காக அதை இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

208.6 கெல்வின் மாற்றப் புள்ளிக்குக் கீழேயும் சுழற்சி உடனே நிற்பதில்லை. தடை ஏறக்குறைய இரட்டிப்பாகி வேகம் விழுகிறது, அவ்வளவுதான். ஒழுங்குக்கு வந்த படிகத்தில் மூலக்கூறு தாவிப் போய் உட்காரும் புதிய நிலை பழைய நிலையைப் போலவே இருக்கும். ஹைட்ரஜன்கள் தங்களுக்குள் இடம் மாறியிருக்கும். எக்ஸ் கதிருக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. தனித்தனி ஹைட்ரஜனைப் பின்தொடரும் நியூட்ரானுக்கு அந்தத் தாவலும் தெரியும். முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த 0.75 பிரிதிறன் கருவிக்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம் இதுதான். அதே கலத்தை, அதே 140 மில்லிகிராமை எடுத்துக்கொண்டு போகலாம்.